சுடாத கப்பல் சேதுராணி

எழுபத்தொன்றாம் வருடத்துப் போரில் நான் வேலை பார்த்த கப்பலின் பெயர் சேதுராணி. கடற்படைக்காகப் பட்டாளத்தை ஏற்றி இறக்கிய கப்பல். மூக்கைத் திண்டிவனத்தில் வைத்தால் வால் விழுப்புரம் ஜங்ஷனில் கிடக்கும். அது வருகிறதென்றால் மீன்கள் ஒதுங்கி நின்று சலாம் வைக்கும். இதில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் எஞ்சின் அறையில் நான் சிந்திய வியர்வையில் வீடூர் அணை இரண்டு முறை நிரம்பும், அது சத்தியம்.

எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் இந்த வருடம் கல்வெட்டு வைக்கிறார்கள். போருக்குப் போன உள்ளூர் ஆட்களின் பெயர்கள், கீழே கப்பல்களின் பெயர்கள். சேதுராணியைச் செயலாளர் ஆனந்தராஜ் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். அவர் பட்டாளத்தில் குமாஸ்தா. சண்டை போட்டதெல்லாம் கோப்புகளோடு.

அந்தக் கப்பலில் வேலை பார்த்தவர்களில் இந்தப் பக்கம் மிச்சம் நான் ஒருவன்தான். நான் விட்டால் அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. கூட்டத்தில் எழுந்து காரணம் கேட்டேன்.

"பெரியசாமி அண்ணே, இது சண்டை போட்ட கப்பலுக்கு வைக்கிற கல்லு," என்றார் ஆனந்தராஜ். "உங்க கப்பல் எத்தினி குண்டு சுட்டுச்சி? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

முப்பது பேரும் சிரிக்கத் தயாரானார்கள். ஐம்பது வருடமாக நான் டீக்கடையில் சுட்டு வீழ்த்திய விமானங்கள் ஏழு, நீர்மூழ்கி ஒன்று. எல்லாம் நுனிநாக்குக்கு வந்துவிட்டன. விழுங்கினேன்.

"ஒண்ணுகூட இல்ல. இருந்த ஒரு பீரங்கியும் துருப்புடிச்சிக் கெடந்துச்சி. அத வெச்சிக்கினு ஆறு தடவ போய் வந்தோம். ஏத்துன ஆளுல ஒருத்தன்கூடத் தண்ணியில போவல."

"அப்ப டவுன் பஸ்ஸுன்னு சொல்லுங்க."

பின்வரிசையிலிருந்து திருவெண்ணெய்நல்லூர் சின்னக்கண்ணு எழுந்தார். அந்தப் போரில் சிப்பாய். இப்போது நிலத்தில் மல்லாட்டைக் கடலை போடுகிறார்.

"அந்தப் பாழாப்போன கப்பல்லதான் என்னையும் ஏத்துனாங்க தம்பி. ஏறுனதுலேர்ந்து எறங்குற வரைக்கும் வாந்தி. அந்த நாத்தம் இன்னும் மூக்க வுட்டுப் போவல."

ஆனந்தராஜின் முகம் மலர்ந்தது.

"ஆனா என் பேரு கல்லுல இருக்குதே," என்றார் சின்னக்கண்ணு. "சண்டைக்கு நான் எப்பிடிப் போனேன், நீஞ்சிக்கினா? கப்பல் வாணாம்னா என் பேருக்குப் பக்கத்துல நீஞ்சிப் போனான்னு வெட்டு. இல்லனா என்னையும் அடிச்சிடு."

இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். அந்த டவுன் பஸ்ஸில் போன சிப்பாய்கள்தான்.

ஆனந்தராஜ் கடைசிக் கோட்டைக்குள் ஒதுங்கினார். "கல்லுல எடம் இல்லண்ணே. ஒரு பேரு சேக்கணும்னா ஒரு பேர எடுக்கணும்."

"என் பேர எடு," என்றேன் நான்.

"வெளயாடாதீங்க."

"என்னப் பத்தி நானே ஊரெல்லாம் சொல்லிக்கினுதான திரியறேன். கப்பலுக்கு வாய் ஏது? எடுய்யா."

அவர் தயங்கினார். பட்டியலை இழுத்து நானே என் பெயரை அடித்து, அதன் மேலேயே சேதுராணி என்று எழுதினேன். அழுத்திய அழுத்தில் மேசை இரண்டாகப் பிளந்துவிட்டது.