இங்கிலீஷ் வகுப்புப் பிள்ளைகளின் குரல்

சங்கரன்கோவிலில், நெசவாளர் தெருப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வகுப்பு தொடங்கிய ஆனி மாதம், அதில் சேர்ந்த பிள்ளைகள் பேசும் தமிழுக்குச் சத்தம் இல்லாமல் போனது. வாய் அசையும், ஒன்றும் கேட்காது. இங்கிலீஷ் மட்டும் கணீரென்று கேட்டது. மழை பிந்தியதைப் பற்றிப் பேசிய அளவுக்குத்தான் ஊரில் இதைப் பற்றியும் பேசினார்கள்.

விசைத்தறி ஓட்டும் பேச்சிக்கு முதலில் பிடிபடவில்லை. மகள் சுபிக்சா சாயங்காலம் வந்து வாயசைத்தபோது, தறி இரைச்சலில் தன் காதுதான் போய்விட்டதென்று நினைத்தாள். "செவிட்டுப் பட்டம் வாங்கிட்டியாட்டி?" என்று பக்கத்துத் தறி ஏசுவடியாள் கேலி பேசினாள். காது டாக்டர் பார்த்துவிட்டு, "காது நல்லாத்தான் இருக்கு. பிள்ளை எந்த மீடியம்?" என்றார்.

அந்த வகுப்பு வேண்டுமென்று தலைமையாசிரியர் முன்னால் முதலில் போய் நின்றவளே பேச்சிதான். "எம் பிள்ளை தறிக்கு வரக்கூடாது சார்" என்று அழுதிருக்கிறாள். அதனால் யாரிடமும் குறை சொல்லவில்லை. தறிக்கூடத்து இரைச்சலில் எல்லாரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். மகளின் உதட்டையும் அப்படியே படித்தாள். பசிப்பது, பென்சில் தொலைந்தது, கூடப் படிக்கும் லிங்கேஷ் கிள்ளியது எல்லாம் தெரிந்தது. ஆனால் சத்தம் வராத பேச்சைக் குழந்தை எத்தனை காலம் பேசும்? தை பிறப்பதற்குள் சுபிக்சாவின் உதடுகள் தமிழுக்கு அசைவதை விட்டுவிட்டன.

மாசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பாயில் கிடந்தபடி எதையோ திரும்பத் திரும்ப இங்கிலீஷில் கேட்டாள். தெருவுக்கே கேட்டது; பேச்சிக்கு ஒரு சொல் விளங்கவில்லை. பேச்சி தண்ணீர் கொடுத்தாள், மகள் தள்ளிவிட்டாள். போர்வையைப் போர்த்தினாள், உதறினாள். பேச்சி அவள் முகத்தருகே குனிந்து, "சத்தம் வேண்டாம் மக்கா. வாயை மட்டும் அசை. அம்மா பாத்துக்கிடுதேன்" என்றாள். சுபிக்சாவின் உதடுகள் பிரிந்தன, எதையோ தேடின, பிறகு மூடிக்கொண்டன. என்ன கேட்டாள் என்பது கடைசிவரை தெரியவில்லை. காய்ச்சல் தானாக இறங்கியது.

அடுத்த ஆனியில் பேச்சி இளைய மகளைச் சேர்க்கக் கூட்டிப்போனாள். தமிழ் வகுப்பு பக்கத்து அறையில் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தது. வழியெல்லாம் சின்னவள் ஆட்டைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் ஓயாமல் பேசினாள். பேச்சி ஒரு தெரு சுற்றியே போனாள்.

இங்கிலீஷ் வகுப்பு வாசலில் குனிந்து, "இன்னொரு தரம் கூப்பிடுட்டி" என்றாள்.

"எம்மா."

"சரி, போ."

பின்னால் பிள்ளையோடு நின்றவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.