பிடிக்காத பிரேக்கின் தடம்

விபத்து நடந்து ஒரு மாதம் கழித்துத்தான், பிரேக் சார் பிடிக்காத பிரேக்கின் தடம் சாலையில் விழ ஆரம்பித்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அவருக்கு அந்தப் பெயர் வந்ததே, கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்திக் கத்தித்தான். அப்பேர்ப்பட்ட மனிதர் நாற்சந்தியில் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய், சாலையைக் கடந்த, துணி தைத்துப் பிழைக்கும் தையலம்மாவின் வலது காலில் காரை ஏற்றிவிட்டார். பிரேக் பிடித்ததாகப் போலீசில் சொன்னார். அப்படியானால் தடம் எங்கே என்று அவர்களும் கேட்கவில்லை.

காரின் இன்சூரன்ஸ் எப்போதோ காலாவதியாகியிருந்தது. வழக்கு என்று வந்தால் ஸ்கூலே கைவிட்டுப் போய்விடும். வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் அவர் மனைவியின் தம்பிதான் வழி சொன்னான். "ஆறு மாசத்துக்குள்ள கேஸ் போடணும் மாமா. கெடு தாண்டிடுச்சுன்னா ஒரு ஜட்ஜும் தொட மாட்டாரு. அதுவரைக்கும் அந்தம்மாவ நல்லபடியா பேசி வச்சுக்கங்க." பிரேக் சார் பழக்கூடையும் கையுமாகப் போக ஆரம்பித்தார். இன்சூரன்ஸ் பணம் இதோ வந்துவிடும், கோர்ட்டு கீர்ட்டு என்று அலையாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள் என்பார். இன்னொரு ஆபரேஷன் செய்தால் கால் ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தையலம்மாவும் அந்தப் பணத்துக்காகப் பொறுத்தார். இடது காலால் மெஷின் மிதிக்கப் பழகிக்கொண்டு, பிரேக் சாரின் மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. பிரேக் சாருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அடுத்த வாரமும் போனார்.

அவர் ஒவ்வொரு முறை "பொறுங்க" என்று சொல்லிவிட்டு வரும்போதும், தடம் நாற்சந்தியிலிருந்து பின்னோக்கி, அவர் வீட்டுப் பக்கமாக இன்னும் கொஞ்சம் நீண்டது. இரண்டு கறுப்புக் கோடுகள், கருகிய ரப்பர் வாடையோடு. சாலை போடுகிறவர்கள் மேலே தார் ஊற்றிப் பார்த்தார்கள். விடிந்ததும் புதுத் தாரின் மேல் தடம் இருந்தது. அந்த வருடம் தார் விலை ஏறியிருந்ததால் அதோடு விட்டுவிட்டார்கள். தடம் தெரு திரும்பி, கேட்டுக்கு அடியில் நுழைந்து, படியேறி, கூடத்தைக் கடந்தது. மனைவி மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், பிறகு பாயைப் போட்டு மூடினாள். வருகிறவர்கள் பாயைத் தாண்டி உட்கார்ந்து காபி குடித்தார்கள்.

கெடு முடிகிற அன்று காலையில் தடம் கட்டில் காலைத் தொட்டிருந்தது. பிரேக் சார் எழுந்து பார்த்தால், அவருடைய வலது உள்ளங்கால் கறுப்பு. சோப்புக்குப் போகவில்லை. மைத்துனன் போன் செய்தான். "இன்னிக்கு ஒரு சாயங்காலம் தாண்டிட்டா நிம்மதி மாமா." பிரேக் சார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தையலம்மா மெஷினில் இருந்தார்.

"அக்கா, அன்னிக்கு நான் பிரேக் பிடிக்கல."

"தெரியும் தம்பி. ரோட்டுல கெடந்தது நான்தானே."

"அது மட்டும் இல்லக்கா. இன்சூரன்ஸ்னு ஒண்ணும் கெடையாது. கேஸ் போட இன்னிக்குத்தான் கடைசி நாள். தெரிஞ்சேதான் உங்ககிட்ட சொல்லல."

தையலம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இவ்வளவு நாள் பழம் கொண்டாந்தது இதுக்குத்தானா?"

"ஆமாக்கா."

அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். "வண்டிய எடுங்க."

டாக்டரிடம் கூட்டிப்போகும்போதெல்லாம் முன் இருக்கையில் உட்காருகிறவர், அன்று பின்னால் போய் உட்கார்ந்தார். கோர்ட் வாசலில் பிடித்த வக்கீல் அவசர அவசரமாக மனு எழுதினார். எதிராளியின் கதவு எண் தையலம்மாவுக்குத் தெரியவில்லை. பிரேக் சாரே சொன்னார், பின்கோடு வரைக்கும். ஜன்னலைச் சாத்தப் போன குமாஸ்தா முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். அத்தோடு தடம் நீள்வது நின்றது.

விசாரணை நடந்த காலம் முழுவதும் தையலம்மாவைத் தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கூட்டிப்போனது பிரேக் சார்தான். தீர்ப்பு வந்ததும் ஸ்கூலையும் காரையும் விற்றுக் கொடுத்தார். இப்போது யாரோ ஒருவருக்கு வேன் ஓட்டுகிறார். தையலம்மா மறுபடியும் வலது காலால் மெஷின் மிதிக்கிறார். பிரேக் சாரை எங்கே பார்த்தாலும் மரியாதையாக "சார்" என்கிறார். தம்பி என்று அவர் பிறகு கூப்பிடவே இல்லை. தடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மனைவி பாயை எடுத்துவிட்டாள். தினமும் வீடு துடைக்கும்போது அதையும் சேர்த்துத் துடைக்கிறாள்.