கட்டில் வரைக்கும் வயர்

என் வீட்டுக்காரர் கனகசபாபதிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று வெள்ளவத்தை முழுவதும் கதை. உலக யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலத்தில் விட்ட பழைய அம்புலன்ஸ் லொறியை ஒருகொடவத்தையிலிருந்து ஓட்டிவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, யன்னலுக்குச் சீத்தைத் துணியில் திரை. காய்ச்சலில் கால்கள் இரண்டும் வழங்காமல் போன பிறகு நான் வீட்டுக்கூரையைத் தவிர வேறெதையும் பெரிதாகப் பார்த்ததில்லை. என்னைப் படுத்தபடியே இலங்கை முழுக்கக் கொண்டுபோவதாம் திட்டம்.

எனக்கும் பைத்தியம்தான். பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு போய்விடுவேன். கட்டிலுக்குக் கீழே சில்லு உருளும். யன்னலில் தேயிலை மலை ஏறும், இறங்கும். திருகோணமலைக் கடல் காலடிவரை வந்து நிற்கும். கால் நனைவதுகூடத் தெரியும்.

மின்சார வேலைதான் மிச்சம். அதையும் தன் கையாலேயே செய்வேனென்று நின்றார். சாமான் வாங்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது என்னையும் ஏற்றிக்கொண்டார். பலீல் நானாவின் கடைவாசலில் லொறியின் பின்கதவைத் திறந்துவிட்டு, மெல்லிய வயர்ச் சுருளொன்றைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு லைற், ஒரு சுவிச். ரெண்டும் முன்னுக்கு, என்ர சீற்றடியில."

"அப்ப எனக்கு?"

"பற்றறி முன்னுக்கெல்லே இருக்கு. இந்த வயரை உம்மட கட்டில் வரைக்கும் இழுத்தா வெளிச்சம் மங்கிப்போகும். அதுக்கென்ன, நீர் சொன்னா நான் போட்டுவிடுறன்தானே."

தண்ணீர் எடுத்துத் தருகிறேன்தானே, யன்னலைத் திறந்துவிடுகிறேன்தானே. எல்லாரும் நல்லவர்கள். அந்த நல்ல மனதுகளுக்குள் கிடந்து நான் மூச்சு முட்டுவது ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த லொறியிலும் நான் ஒரு சாமான்தானா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நானா, மங்காத வயர் இல்லையோ?"

"ஈக்கிது தங்கச்சி. தடிச்ச வயர். பின்னுக்கு இழுத்தாலும் வெளிச்சம் கொறயாது."

"அது லேசில வளையாது, சிவமணி," என்றார் இவர். "மூலையெல்லாம் மடக்கி இழுக்கிறது சரியான கரைச்சல்."

"கரைச்சல்படுங்கோ. சுவிச்சும், மேசைவிளக்குச் சொருகிற பிளக் பொயின்ற்றும் என்ர கை எட்டுற இடத்தில வேணும். இல்லாட்டி நீங்கள் தனியப் போங்கோ."

பலீல் நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு தடித்த வயர்ச் சுருளை என் பக்கத்தில் வைத்தார். பச்சைக்குழந்தை மாதிரிக் கனத்தது. வீடு வரும்வரை அதில் கை வைத்துக்கொண்டே வந்தேன்.

வயரோடு இவர் மல்லுக்கட்டினார். விரலெல்லாம் கொப்புளம். கடைசி இணைப்பை முறுக்கி முடித்தபோது மம்மல் பொழுதாகி இருட்டிவிட்டது. கையிலிருந்த திருகாணி நழுவி எங்கோ உருண்டது. இவர் என் கட்டிலுக்குக் கீழே முழங்காலில் நின்று தடவினார்.

"இஞ்சரும், ஒண்டும் தெரியேல்ல. லைற்றைப் போடுமன்."

காய்ச்சலுக்குப் பிறகு ஒருவர் என்னிடம் ஒன்றைச் செய்யச் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. விரல் சுவிச்சின் மேல்தான் இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பொறுங்கோ, நான் போட்டுவிடுறன்தானே," என்றேன்.