வர்க்கத் தெரு, சுழியம் எண் வீடு

வர்க்கத் தெருவில் ஒரு வீட்டின் உயரம் அதன் எண்ணைப் பொறுத்தது. எண்ணை அதே எண்ணால் பெருக்கி ஒன்பதைக் கழித்தால் மீட்டர் கணக்கில் உயரம் வந்துவிடும். நான்காம் வீடு ஏழு மீட்டர் மேலே இருந்தது. மைனஸ் நான்காம் வீடும் ஏழு மீட்டர்தான். இரண்டு பக்கமும் இப்படி ஏறிப்போக, தெரு ஒரு பெரிய கிண்ணம்போல் கிடந்தது.

புஷ்கலாவின் வீட்டு எண் சுழியம். கிண்ணத்தின் அடி. தரைமட்டத்துக்கு ஒன்பது மீட்டர் கீழே அவள் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்தாறு.

அந்தத் தெருவில் ஒரே மட்டத்தில் இருப்பவர்கள் மட்டுமே பேசிக்கொள்வார்கள். காலை எட்டு மணிக்கு நான்காம் வீட்டு அருளப்பன் எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்துவார்.

"இன்னிக்கு என்ன கொழம்பு?"

"வத்தக்கொழம்பு," என்பாள் மைனஸ் நான்காம் வீட்டு மெர்சி.

"இங்கயும்தான்."

புஷ்கலாவின் மட்டத்தில் வேறு வீடு இல்லை. பதினோரு வருடமாக அவளே கேட்டு அவளே பதில் சொல்லிக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தெருக்களின் அலுவலகத்துக்குப் போனாள். வராந்தா நடக்க நடக்க நீண்டது. உட்கார்ந்தபோது நின்றது. உட்கார்ந்த இடத்தில் கவுன்டர் இருந்தது. தமயந்தி என்ற அலுவலர் ஒரு படிவத்தைத் தள்ளினார். 'இருக்கிறேன்' என்று மூன்று இடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டாள்.

"எனக்கு எதிர்வீடு வேணும் மேடம்."

"எண்?"

"சுழியம்."

"சுழியத்துக்கு மைனஸ் போட்டாலும் நீங்கதானே வருவீங்க."

"தெரியும் மேடம். பதினோரு வருஷமா வர்றேன்."

தமயந்தி பதிவேட்டைப் புரட்டினார். "உங்க தெருவுக்கு எக்ஸோட கெழு, அதான் வீட்டு எண்ணைப் பெருக்கிக் கூட்டற எண், காலியா இருக்கு. அதுல ஒரு எண் போடலாம். மைனஸ் எட்டு போட்டா எட்டாம் வீடு உங்க மட்டத்துக்கு வந்துடும்."

"என் வீடு நகருமா?"

"நகராது. சுழியத்தை எதால பெருக்கினாலும் சுழியம். தரை மட்டும் சாயும்."

"அப்ப அடியில யாரு இருப்பாங்க?"

"பாதி வழியில இருக்கறவங்க. யாராவது ஒருத்தர் அடியில இருக்கணும். இல்லாட்டி அது நேர்கோடு. அதுக்கு வேற ஆபீஸ்."

எட்டில் பாதி நான்கு என்று புஷ்கலாவுக்குத் தெரியும். இருந்தாலும் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை அவள் வீட்டுத் தரை கிழக்கே சாய்ந்திருந்தது. நூல்கண்டுகள் எல்லாம் ஒரு சுவரோரம் சேர்ந்திருந்தன. ஜன்னலைத் திறந்தாள். தூரத்தில், நேர் எதிரே, எட்டாம் வீட்டு ரஹீமா நின்றாள்.

"சாப்டாச்சா?" என்று கத்தினாள் ரஹீமா.

"ஆச்சு!"

புஷ்கலா சாப்பிட்டிருக்கவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அழுதாள். பிறகு தைக்க உட்கார்ந்தாள்.

மூன்று நாள் அப்படிப் போனது. அருளப்பனின் வீடு பதினாறு மீட்டர் அவளுக்குக் கீழே இறங்கியிருந்தது. மெர்சி மேகத்துக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தாள். காலை எட்டு மணிக்கு அருளப்பன் வெளியே வந்து இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார்.

"இன்னிக்கு என்ன கொழம்பு?"

யாரும் பதில் சொல்லவில்லை. நான்காம் நாள் அவரே சொன்னார்.

"வத்தக்கொழம்பு."

பிறகு மெதுவாக, "இங்கயும்தான்," என்றார்.

புஷ்கலா அன்று ஊசியில் நூல் கோக்க முடியாமல் மூன்று முறை தவறவிட்டாள். மத்தியானம் அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

"திருப்பி எடுக்கறதில்ல," என்றார் தமயந்தி. "மாத்தலாம்."

"மைனஸ் ஏழு போட்டா?"

"அடி மூணரைக்குப் போகும்."

"மூணரைல யாரு இருக்கா?"

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல இருக்கற செவுரு."

"செவுத்துக்குத் தனியா இருந்தா பரவால்லையா?"

"கேட்டுப் பாத்ததில்ல." தமயந்தி பேனா மூடியைத் திறந்தார். "ஆனா பஸ் ஸ்டாப் கெட்டுடும். தெரு எங்க தரைமட்டத்தைத் தொடுதோ அங்கதான் பஸ் நிக்கும். மைனஸ் ஏழு போட்டா அந்த எடத்தோட எண் தசமப் புள்ளிக்கப்புறம் ஓடிக்கிட்டே இருக்கும்."

"எவ்வளவு தூரம்?"

"முடிவே இல்ல."

புஷ்கலா யோசித்தாள். அவளுக்கு பஸ்ஸில் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வந்தபோது அருளப்பனும் மூன்றாம் வீட்டுப் பாண்டுரங்கனும் ஒரே மட்டத்தில் இருந்தார்கள். நடுவில் அந்தச் சுவர் மட்டும். "மோர்க்கொழம்பு" என்ற குரல் கேட்டது. "மோர்க்கொழம்பா!" என்று அருளப்பன் வியந்த குரலும் கேட்டது. ரஹீமா எட்டு மீட்டர் மேலே போயிருந்தாள். மைனஸ் ஒன்றாம் வீட்டைப் பார்த்துச் சாப்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

புஷ்கலாவின் நேர் எதிரே இப்போது ஏழாம் வீடு. அதில் பூட்டு தொங்கியது.

பூட்டைப் பார்த்தபடி மாலைவரை இருந்தாள். பிறகு ஒன்பது மீட்டர் ஏறித் தரைமட்டத்துச் சாலைக்குப் போனாள். பஸ் வந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி நிறுத்தும் இடத்தைத் தேடிக்கொண்டே ஓட்டினார். பஸ் மெதுவானது, இன்னும் மெதுவானது, நிற்கவில்லை.

"ஏழாம் வீட்டுல யாரு இருக்கா, தெரியுமா?" என்று புஷ்கலா கூட ஓடிக்கொண்டே கேட்டாள்.

"ஒரு டீச்சர்," என்றார் கண்டக்டர். "உள்ளதான் இருக்காங்க. எறங்கற எடம் இன்னும் வரல."

கடைசி ஜன்னலில் கண்ணாடி போட்ட ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். மடியில் விடைத்தாள் கட்டு.

"நான் எதிர்வீடு!" என்று புஷ்கலா கத்தினாள். "உங்க பேரு என்னங்க?"

அந்தப் பெண் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். 'ஞான' என்பதுவரை கேட்டது. மீதியை ஹாரன் விழுங்கிவிட்டது.

பஸ் ஒரு சுற்று வர நாற்பது நிமிடம் ஆகும். புஷ்கலா சாலையோரத்தில் நின்றாள்.