முதலாளியை எப்படி இறக்குவது?

1

இந்தக் கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்காட்சியில், தரையோடு தரையாகக் கிடந்த ஸ்போர்ட்ஸ் காருக்குள் ஒரு பெரிய மனிதர் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கூடம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தேன். அதே இடம், அதே சிரிப்பு. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

‘சிறுவயது முதலே வேகத்தின் மீது தீராத காதல் கொண்டிருந்த முதலாளி—’

(வேண்டாம். சிறுவயதில் அவருக்குப் பஸ் ஏறினாலே வாந்தி.)

அண்ணன் தண்ணீர்ப் பம்பு செய்து சம்பாதித்தார். தம்பியான முதலாளி அந்தக் காசில் நொடித்துப்போன ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியை வாங்கி, தலைக்குக் கறுப்புச் சாயமும் வாங்கினார். பிறகு இயக்குநர்கள் கூட்டத்தில், “அண்ணனுக்கு வயசாயிடுச்சு. இது இளைஞர்களோட கம்பெனி” என்று சொல்லி அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார். கைதட்டினார்கள்.*

* இளைஞருக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது.

3

புதிய கார் அறிமுக விழா. வடிவமைப்பாளர்கள் முனகியும் கேட்காமல், இருக்கையை இன்னும் தாழ்த்தச் சொன்னவர் முதலாளியேதான். ‘ஏறினார்’ என்று எழுதுவது மரியாதை, விழுந்தார். படம் எடுத்தார்கள். “இப்போ நம்ம முதலாளி இறங்கி வந்து பேசுவார்” என்றது ஒலிபெருக்கி. முட்டி சம்மதிக்கவில்லை.

மனைவி ஜன்னலருகே குனிந்தார். “என்னங்க, இறங்கலையா?”

“இன்ஜின் சத்தத்த ரசிச்சிட்டிருக்கேன்.”

“காட்சிக்கு வெச்ச வண்டிங்க. உள்ள இன்ஜினே இல்ல.”

“நீ போய் ஜூஸ் குடி.”

4

முடிவு ஒன்று: காரைக் கிளப்பிக்கொண்டு மறைகிறார். வழியில்லை, ஒரு சிரிப்புக்காக இன்ஜினைக் கழற்றிவிட்டேன்.

இரண்டு: கரண்ட் போகிறது, இருட்டில் நாலு பேர் தூக்கி— (சீ.)

மூன்று: அண்ணன் வருகிறார், அழைப்பிதழ் இல்லாமலே. கூட்டம் வழிவிடுகிறது. குனிந்து கை நீட்டுகிறார்.

“வாடா, பிடிச்சுக்கோ.”

“எல்லாரும் பாக்குறாங்கண்ணே.”

“அன்னிக்கும் எல்லாரும்தான் பாத்தாங்க. நான் எந்திரிச்சுப் போகல?”

முதலாளி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். சிரிப்பு மட்டும் இன்னும் கேமராப் பக்கம் இருக்கிறது.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அண்ணன் கையைப் பிடிக்கவைத்தால் நீதிக்கதை; தட்டிவிடவைத்தால் டி.வி. நாடகம். நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். முதலாளிக்கு ஒண்ணுக்கு வருகிறது.