மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பியது

அக்காளும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசி மூன்று நாளாகிவிட்டது. ஒரு சட்டையின் கை ஓர் அங்குலம் குட்டையாகிப் போனதுதான் காரணம். வெட்டிய அக்காள் மேல் தப்பா, தைத்த தங்கை மேல் தப்பா என்று தொடங்கிய பேச்சு முப்பது வருஷம் பின்னால் போய் நின்றது. ஆனாலும் ஒரே மேசையில்தான் வேலை. சொல்ல வேண்டியதையெல்லாம் நாயிடம் சொன்னார்கள். வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேஸ்திரி என்று பெயர்.

"மேஸ்திரி, கத்தரி எங்கேன்னு உன் பெரியம்மாவைக் கேளு."

"கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லுடா உன் சித்தியை."

மேஸ்திரிக்குச் சர்க்கரை நோய். இரண்டு வேளையும் சாப்பிட்டதும் இன்சுலின் ஊசி. அன்று காலை அக்காள் குளித்துக்கொண்டிருந்தபோது தங்கை ஊசி போட்டாள். "போட்டாச்சுன்னு பெரியம்மாகிட்ட சொல்லிடு" என்று அதன் காதில் சொல்லிவிட்டுப் பட்டன் வாங்கப் போனாள்.

அவள் திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி எழுந்தது, தள்ளாடியது, சுவரில் மோதிச் சரிந்தது.

"ஐயோ! காலைல ஊசி போட்டப்போகூட நல்லா இருந்தானே!"

அக்காளின் கத்தரி நின்றது. "நீ போட்டியா? நானும் போட்டேன்டி!"

தங்கை, மேஸ்திரிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"தேனை விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. வாயில ஊத்தாதீங்க, புரை ஏறிடும். உடனே தூக்கிட்டு வாங்க."

வண்டியில் அக்காள் மடியில் தலை, தங்கை மடியில் வால். "உன்கிட்ட சொல்லி அனுப்பினேனேடா…" என்று தங்கை விசும்பினாள். அக்காள் தேன் விரலை எடுக்காமலே இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குளுக்கோஸ் ஏறி, சாயங்காலம் வால் அசைந்தது.

"போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா போடாதீங்க, என்னைக் கேளுங்க" என்றார் டாக்டரம்மா. "ஒரு வேளை தவறினா சமாளிக்கலாம். ரெண்டு தடவை போட்டா உயிருக்கே ஆபத்து."

இரண்டு நாள் கழித்து, டாக்டரம்மா மறுபடி ஊசி போடச் சொன்ன காலை. மேஸ்திரி தட்டை நக்கி முடித்தது.

"அக்கா, போட்டுட்டேன்."

"பார்த்தேன்."

"பார்த்தா ஆச்சா? வாயால சொல்லு."

"நீ போட்டுட்டே, நான் போடமாட்டேன். போதுமா? ஆனா அந்தக் கை உன் தையல்லதான் குட்டையாச்சு."

"உன் வெட்டுலதான்!"

மேஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. தனக்குச் சேதி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் மேசைக்கடியில் போய்ச் சுருண்டு படுத்தது.