அணைத்தபின், இணைத்தபின்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே என் பிழையால்தான். சூலூர் பேருந்தில் என் கதை ஒன்றின் ப்ரூஃபைத் திருத்திக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. ஏழாவது வரியில 'பேருந்தில் ஏரி அமர்ந்தான்'னு இருக்குது" என்றாள். ஒரு ஏரியைப் பேருந்துக்குள் கொண்டுவந்த வெட்கத்தில் பேனாவை அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் பெயர் பிரத்யுஷா. இறங்குவதற்குள் தன் கதையைச் சொல்லி முடித்தாள்.

2

தொடக்கம் ஒன்று: "மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் பிரத்யுஷா…"

(மழை பெய்யவில்லை. விடுகிறேன்.)

தொடக்கம் இரண்டு: "வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவள் என்பதால் அவள் தமிழில்…"

(இது அதைவிட மோசம். பள்ளியில் தமிழில் முதலாவதாக வந்தவள் அவள். பிழைக்குக் காரணம் தேடி அவள் வீட்டு மொழியின் மேல் பழி போடப் பார்த்தேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். சரவணம்பட்டிப் பக்கம் மோட்டார் ஸ்டார்ட்டர் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. பெட்டியோடு போகும் தமிழ்க் கையேட்டைத் திருத்துவது அவள் பொறுப்பு. பழைய கையேட்டில் 'மெயின் சுவிட்சை அனைத்தபின் மூடியைத் திறக்கவும்' என்று இருந்தது. மூன்று சுழி வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி. இப்படி எதையாவது பார்த்தாலே அவளுக்குப் பல் கூசும். கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போட்டு ஒரு சொல்லை நீட்டியது. தட்டினாள். கோடு மறைந்தது. கையேடு அச்சுக்குப் போய்விட்டது.

3

சில வாரம் கழித்து, காலை பத்து மணிக்குத் தாராபுரத்திலிருந்து ஒரு ஃபோன். பேசியவர் சென்னியம்மாள். தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அச்சடித்த தாள் எது கையில் கிடைத்தாலும், போண்டா மடித்து வந்ததானாலும், கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கீழே போடுவார்.

"ஏனுங்க அம்மணி, மூணாம் பக்கத்துல 'பொறுத்தும் முறை'ன்னு போட்டிருக்கறீங்களே. ஸ்டார்ட்டரச் செவுத்துல பொருத்தோணுமா, இல்ல நாங்க பொறுத்துக்கோணுமா?"

தலைப்புகளைப் பார்க்காமல் விட்டது பிரத்யுஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்டாள்.

"அது போகட்டுங்க. அஞ்சாம் பக்கத்துல எழுத்தெல்லாஞ் சரியாத்தான் இருக்குது. ஆனா மெயின் சுவிட்ச இணைத்தபின் மூடியத் தொறக்கச் சொல்றீங்க. அப்படித் தொறந்தா ஆளு மிஞ்சுமுங்களா?"

சொல் சரி, பொருள் கொலை. (இந்த வரியை அடித்துவிடுகிறேன். அவளுக்கு அந்த நேரத்தில் வரி எதுவும் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் நீட்டிய சொல் எது என்று ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினாள்.)

4

முதல் வேலையாக மேலாளரிடம் ஓடிப்போய்ச் சொல்லி, வெளியே போகவிருந்த பெட்டிகளை நிறுத்தினாள். புதுக் கையேடு அதுவரை தாராபுரத்தில் ஒரே கடைக்குத்தான் போயிருந்தது. அவள் ஃபோனில் கேட்டதும் கடைக்காரர் அமீர் ஹம்சா வாங்கியவர்களின் பட்டியலைப் பார்த்தார்.

"சென்னியம்மாளோட சேத்து ஒம்பது பேருங்க. நானே கூப்பிட்டுச் சொல்லிப்போடறேன்."

அரை மணி நேரத்தில் ஏழு பேர் கிடைத்தார்கள். சுப்பண்ணன் என்பவர் மட்டும் எடுக்கவில்லை.

"நேத்துக் கடைக்கு வந்தாருங்க" என்றார் அமீர் ஹம்சா, குரல் இறங்கி. "ஸ்டார்ட்டர் நின்னு நின்னு போகுது, நானே தொறந்து பாத்துக்கறேன்னாரு."

பிரத்யுஷா வேறு வழி தெரியாமல் சென்னியம்மாளையே அழைத்தாள்.

"அவுரு தோட்டம் எனக்குத் தெரியும் கண்ணு. மொபெட்டுல போயிப் பாக்கறேன். நீ ஃபோனக் கையிலயே வெச்சுக்க."

(இங்கே நான் முதலில் எழுதியது: "மோட்டார் அறையின் கதவு திறந்து கிடந்தது. வாசலில் சுப்பண்ணனின் செருப்பு மட்டும்…" எழுதிய கையோடு நிறுத்திவிட்டேன். ஒரு பத்தி நன்றாக வரும் என்பதற்காக ஒரு மனிதரைக் கொல்ல மனம் வரவில்லை.)

5

இருபத்தைந்து நிமிடம் கழித்து ஃபோன் அடித்தது.

"இருக்காரு கண்ணு. வாய்க்கால்ல தண்ணி திருப்பீட்டு நிக்கறாரு. ஃபோன ஊட்டுலயே வெச்சுப்போட்டு வந்துட்டாராம்."

"ஸ்டார்ட்டரத் தொறந்தாருங்களாம்மா?"

"தொறந்து, ஒயர முறுக்கி, மூடியும் போட்டாச்சு. மெயின நிறுத்திப்போட்டுத்தான் தொறந்தாரு."

"புக்குல அப்படிப் போடலீங்களே."

"புக்கு கவரையே இன்னும் பிரிக்கல. புக்கப் பாத்தா ஸ்டார்ட்டரத் தொறப்பாங்கன்னு என்னையக் கேக்கறாரு."

பிரத்யுஷா பக்கத்தில் கிடந்த காலி மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. மற்ற ஏழு பேரும்கூடக் கையேட்டைத் தொடவில்லை என்று அமீர் ஹம்சா சொன்னார். தான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று கேட்டு இவ்வளவு நிம்மதி அடைந்த வேறொருவரை நான் அறியேன். படித்தவர் ஒரே ஒருவர். அந்த ஒருவர் போதுமாக இருந்தார்.

6

"அணைச்சு, இணைச்சுன்னெல்லாம் எதுக்கு கண்ணு? கரண்ட நிறுத்திப்போட்டுத் தொறங்கன்னு போடு" என்றார் சென்னியம்மாள்.

'மின்சாரத்தை நிறுத்தியபின்' என்று எழுதிக்கொண்டாள் பிரத்யுஷா. அதில் றகரம் ரகரமாகிப் போனாலும் யாருக்கும் ஷாக் அடிக்காது. சென்னியம்மாளுக்குக் கோபம் வரும், அவ்வளவுதான்.

முடிவு என்று இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மேலாளர் அவளை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார். இன்னொன்றில் இனி எந்தக் கையேடானாலும் சென்னியம்மாள் பார்த்த பிறகே அச்சுக்குப் போகும் என்று ஏற்பாடாகிறது. இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. சுப்பண்ணன் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சென்னியம்மாள் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டிருக்கிறார். பிரத்யுஷாவுக்குக் காலையிலிருந்து இப்போதுதான் பசிக்கிறது. இருவரையும் கூப்பிட்டு நிறுத்த எனக்கு மனமில்லை. முடிவு வேண்டுமென்றால் நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அவள் சாப்பிட்டு முடிக்கட்டும்.